உலகத் தலைவர்களுக்கு ஒரு மனு: டெல்டா இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனு எழுதுவதில் டெல்டாக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலையில் திருவாரூர் கலெக்டர் அலுவலக வாசலில் நின்று பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கூடக் கிராமம், வட்டம், சர்வே எண், எத்தனை மா நிலம் மூழ்கியது, என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லி எழுத வைத்திருப்பார். நகல் ஒன்றை மடியில் வைத்திருப்பார். ரசீது வாங்காமல் நகரமாட்டார். அவருடைய பேரனும் பேத்தியும் காலநிலை மாற்றம் குறித்து உலகத் தலைவர்களுக்கு எழுத உட்கார்ந்தால் மட்டும், இந்த வித்தை முழுவதும் மறந்துபோகிறது.

அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லிக் கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவந்த கடிதங்கள் கொஞ்சம் நஞ்சமல்ல. கோபம் உண்மையானது, தமிழும் நன்றாகவே இருக்கும். ஆனாலும் திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

சறுக்கல் முகவரியிலேயே தொடங்குகிறது. ‘மாண்புமிகு உலகத் தலைவர்களே’ என்று ஆரம்பித்திருந்த ஒரு மாணவியிடம், “இந்த உறையை யாரம்மா பிரிப்பார்?” என்று கேட்டேன். பதில் இல்லை. எல்லோருக்கும் எழுதியது யாருக்கும் எழுதாததுதான். 2015 பாரிஸ் காலநிலை உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே வகுத்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து ஐ.நா.விடம் கொடுக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் இந்தியா புதுப்பித்த இலக்கில், பொருளாதார உற்பத்தியோடு ஒப்பிட்ட பசுமைக்குடில் வாயு உமிழ்வின் அளவை 2030க்குள் 2005 நிலையிலிருந்து 45 சதவீதம் குறைப்போம் என்று இருக்கிறது. அதைக் கவனிப்பது டெல்லியிலுள்ள சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகம். இந்தியா செய்ய வேண்டியதைப் பற்றிய கோரிக்கை என்றால் உறையின் மேல் அந்த அமைச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும். பணக்கார நாடுகள் காலநிலைப் பாதிப்புக்கான இழப்பீட்டு நிதிக்குப் பணம் தர வேண்டும் என்றால் அது வேறு கடிதம். 2022இல் எகிப்தில் ஒப்புக்கொண்டு, அடுத்த ஆண்டு துபாயில் செயலுக்குக் கொண்டுவந்த நிதி அது. இரண்டு கோரிக்கைகளையும் ஒரே உறைக்குள் போட்டால் இரண்டுமே படிக்கப்படாது.

என்ன கேட்கிறோம் என்பதிலும் இதே கதைதான். ‘பூமியைக் காப்பாற்றுங்கள்’ என்றால் ‘ஆகட்டும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். செய்தாரா, செய்யவில்லையா என்று பிறகு யாராலும் கேட்க முடியாது. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் 2019இல் 27 சட்ட மாணவர்கள் வேறு விதமாகக் கேட்டார்கள். காலநிலையைக் காப்பதில் நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை என்று சர்வதேச நீதிமன்றம் சொல்ல வேண்டும் என்பதே அவர்களுடைய கேள்வி. முதலில் தங்கள் பகுதி அரசுகளைப் பிடித்தார்கள். வனுவாட்டு அரசு அதை எடுத்துக்கொண்டு மற்ற நாடுகளிடம் போனது. 2023 மார்ச் 29 அன்று, அந்தக் கேள்வியை நீதிமன்றத்திடம் கேட்க ஐ.நா. பொதுச் சபை தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம், கடமை உண்டு, மீறினால் இழப்பீடு வரை போகலாம் என்று கருத்துச் சொன்னது. அது ஆலோசனைக் கருத்துதான், யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் வகுப்பறையில் பிறந்த ஒரு கேள்வி ஆறு ஆண்டில் அந்த நீதிமன்றம் இருக்கும் தி ஹேக் நகரம் வரை போயிருக்கிறது.

இவ்வளவு தூரம் போவானேன். 2023இல் மத்திய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்திருந்த நிலக்கரிப் பகுதிகளில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய மூன்றும் டெல்டாவில் இருந்தன. நம்மவர்கள் எழுப்பிய கோரிக்கை ஒரே வரி: இந்த மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. ஏப்ரல் 8 அன்று எடுத்துவிட்டார்கள். தேர்தல், கூட்டணி என்று ஆயிரம் காரணம் சொல்லலாம், இல்லையென்று மறுக்கவில்லை. ஆனால் எடுப்பதற்கு ஒரு பட்டியல் இருந்தது, எடுக்க ஒருவர் இருந்தார்.

படியைத் தாண்டிக் குதிப்பது இன்னொரு தவறு. 2019 செப்டம்பரில் சுவீடனின் காலநிலைப் போராளி கிரேட்டா துன்பர்க், உத்தராகண்டின் ரிதிமா பாண்டே உட்பட 16 சிறார்கள் பிரான்ஸ், ஜெர்மனி, பிரேசில், அர்ஜென்டினா, துருக்கி ஆகிய ஐந்து நாடுகளுக்கு எதிராக ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழுவிடம் முறையிட்டார்கள். நாட்டின் எல்லைக்கு வெளியே விளையும் தீங்குக்கும் அந்த நாடு பொறுப்பாகலாம் என்பதைக் குழு ஏற்றுக்கொண்டது. ஆனாலும் உள்நாட்டு நீதிமன்றங்களை முதலில் அணுகவில்லை என்று 2021 அக்டோபரில் மனுவை ஏற்க மறுத்துவிட்டது. தாசில்தாரைப் பார்க்காமல் நேரே கலெக்டரிடம் போனால் என்ன ஆகும் என்று நம் ஊரில் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார்கள்.

நான் அதிகம் சிவப்பு மை செலவழிப்பது வேறொரு இடத்தில். டெல்டாவின் எல்லாத் துன்பத்தையும் காலநிலையின் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஒரு கடிதத்தில் 2004 சுனாமியும் அந்தப் பட்டியலில் இருந்தது. சுனாமி கடலடி நிலநடுக்கத்தால் வந்தது, அதற்கும் கரியமில வாயுவுக்கும் தொடர்பில்லை. இந்த ஒரு வரி போதும், படிப்பவர் மீதிக் கடிதத்தையும் நம்பமாட்டார். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்காமல் போவதும் இப்படித்தான். 2024இல் ஜூலை 28 ஆயிற்று. மழை ஏமாற்றுவது ஒரு பங்கு. கர்நாடகம் தண்ணீரைத் திறந்துவிடாதது இன்னொரு பங்கு, அதற்கான முகவரி காவிரி மேலாண்மை ஆணையம், ஐ.நா. அல்ல. கடலோரக் கிணறுகள் உப்பாவதை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்மட்டம் உயர்வது உண்மை. அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சுவதும், கடைமடைக்கு ஆற்றுநீர் வந்து சேராததும், இறால் குட்டைகளும் அதே அளவு உண்மை. எது எதனால் என்று பிரித்து எழுதினால் கடிதம் பலவீனப்படும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். வரப்பைச் சரியாகக் காட்டுகிறவனைத்தான் சர்வேயர் நம்புவார்.

கொஞ்சம் சங்கடமான விஷயம் ஒன்றும் உண்டு. தண்ணீர் தேங்கி நிற்கும் நெல்வயலிலிருந்து, பூமியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேன் வெளியேறுகிறது. காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் பொருளிலிருந்து அதை உண்டாக்குகின்றன. மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து வளர்ந்த தலைமுறைக்கு இதைக் கேட்டால் முகம் சுருங்குகிறது. மறைக்க வேண்டாம், எதிர்த்தரப்புக்கு இது தெரியும். அதற்காக உழவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் வேண்டாம். ஆளுக்கு ஆண்டுக்கு எவ்வளவு கரியமில வாயு என்று பார்த்தால் இந்தியாவில் சுமார் 2 டன், அமெரிக்காவில் சுமார் 14 டன். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேன் குறைகிறது, தண்ணீரும் மிச்சமாகிறது. ஆனால் முறைவைத்துத் தண்ணீர் வரும் கடைமடையில், இன்று விட்டால் அடுத்து எப்போது வருமோ என்ற பயத்தில் வயலைக் காயவிட யாருக்கும் மனம் வராது. ஆகவே கோரிக்கை இப்படி அமையலாம்: நாங்கள் மாற்றிக்கொள்ளத் தயார், அதற்கு உறுதியான நீரும் வாய்க்கால் பராமரிப்புக்குப் பணமும் வேண்டும்.

எண்களைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ‘இன்னும் இத்தனை ஆண்டில் உலகம் அழியும்’ என்று எந்த அறிவியல் அறிக்கையும் சொல்லவில்லை. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2018 அறிக்கை சொன்னது, வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால் கரியமில வாயு உமிழ்வு 2030க்குள் 2010 அளவிலிருந்து சுமார் 45 சதவீதம் குறைய வேண்டும் என்பதுதான்.

கடைசியாக, இரவல் சொற்கள். கிரேட்டா 2019இல் டாவோஸ் உலகப் பொருளாதார மன்றத்தில் வீடு பற்றி எரிகிறது என்று பேசினார். அதையே மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எழுதினால் ஒட்டவில்லை. இங்கே எரிவதில்லை, முழுகுகிறது. முன்பு சொன்ன அந்த மாணவியின் கடிதத்தில் இரண்டு பத்தி துருவக் கரடிக்கே போயிருந்தது. வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டபோதுதான் வாய் திறந்தார். தை பிறந்தபின் பெய்த மழையில் சம்பா சாய்ந்து, கதிரிலேயே நெல் முளைவிட்டிருக்கிறது. தப்பியதை அறுத்து, அப்பா நான்கு நாள் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைத்திருக்கிறார். கொள்முதல் நிலையத்துக் கருவியில் ஈரப்பதம் 21 சதவீதம் என்று காட்டியது, வரம்பு 17. மூட்டைகளைக் கட்டித் திரும்ப வண்டியில் ஏற்றும்போது அப்பா எதுவும் பேசவில்லையாம். “இதை எழுதலாமா சார், இது சின்ன விஷயம் இல்லையா?” என்றார்.

கரடியை எடுத்துவிட்டு அதை முதல் பத்தியாக வைத்தோம். ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது சம்பாவையும் தாளடியையும் வெறுமனே ‘நெல்’ என்று எழுதியிருந்தார். அப்படியே சம்பா, தாளடி என்றே எழுதச் சொன்னேன். குறுவை அறுத்த வயலில் போடும் இரண்டாம் பயிர் தாளடி என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி சேர்த்தார். முளைத்த கதிரின் படம் ஒன்றை இணைத்து, நகல் எடுத்து, பதிவுத் தபாலில் போட்டார். ரசீது அவர் அப்பாவிடம் இருக்கிறது.