555 ஐ.சி. வைத்து மின்னும் எல்.இ.டி: பிரெட்போர்டில் முதல் சர்க்யூட்

சால்டரிங் பழகாதவர்களும் செய்யக்கூடிய நல்ல முதல் சர்க்யூட் இது. 1971-இல் ஹான்ஸ் காமன்சின்ட் வடிவமைத்த 555 டைமர் என்ற ஐ.சி. (நேரக் கணக்கில் மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் எட்டுக் கால் சிப்) இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. தவறாக இணைத்தாலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் தப்பாது.

தேவையானவை: என்.ஈ.555 ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, அதற்கான கிளிப், பிரெட்போர்டு (சால்டரிங் இல்லாமல் பாகங்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகை), ஜம்பர் வயர்கள், சிவப்பு எல்.இ.டி. ரெசிஸ்டர்களில் (அடைப்புக்குள் அவற்றின் நிறப்பட்டைகள்) 1 கிலோ ஓம் (பழுப்பு, கருப்பு, சிவப்பு), 68 கிலோ ஓம் (நீலம், சாம்பல், ஆரஞ்சு), 470 ஓம் (மஞ்சள், ஊதா, பழுப்பு) ஒவ்வொன்று. கெப்பாசிட்டர்களில் 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக், 0.01 மைக்ரோஃபாரட் செராமிக். எலக்ட்ரோலிட்டிக் 16 வோல்ட்டோ அதற்கு மேலோ இருக்கட்டும்.

படி 1: ஐ.சி.யை பிரெட்போர்டின் நடுப்பள்ளத்துக்கு இருபுறமும் கால்கள் இறங்கும்படி செருகுங்கள். ஒரே பக்கத்தில் செருகினால் எதிரெதிர்க் கால்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடும். ஐ.சி.யின் ஒரு முனையில் உள்ள பிறைவெட்டு இடப்பக்கம் இருந்தால் கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 4. மேல் வரிசையில் வலமிருந்து இடமாக 5 முதல் 8.

படி 2: பேட்டரி கிளிப்பின் வயர்கள் பிரெட்போர்டின் பிளஸ், மைனஸ் பவர் வரிசைகளுக்குப் போகும். 1-ஆம் காலை மைனஸ் வரிசைக்கும், 8, 4 இரண்டையும் பிளஸ் வரிசைக்கும் இணையுங்கள். 4 என்பது ரீசெட். அதை அந்தரத்தில் விட்டால் சர்க்யூட் காரணமில்லாமல் நின்று நின்று ஓடும்.

படி 3: பிளஸ்ஸுக்கும் 7-க்கும் இடையே 1 கிலோ ஓம், 7-க்கும் 6-க்கும் இடையே 68 கிலோ ஓம். பிறகு 2-ஐயும் 6-ஐயும் ஒரு வயரால் சேருங்கள். பலர் மறப்பது இந்த வயரைத்தான்.

படி 4: எலக்ட்ரோலிட்டிக்கின் நீளமான காலை 2-இலும், பட்டைக் குறியுள்ள காலை மைனஸிலும் செருகுங்கள். செராமிக் கெப்பாசிட்டர் 5-க்கும் மைனஸுக்கும் இடையே.

படி 5: 3-இலிருந்து 470 ஓம், அடுத்து எல்.இ.டி.யின் நீளமான கால். குட்டைக் கால் மைனஸுக்கு. ரெசிஸ்டர் இல்லாமல் நேரடியாக இணைத்தால் எல்.இ.டி. கருகும்.

எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்த பிறகே பேட்டரியை மாட்டுங்கள். கெப்பாசிட்டர் 6 வோல்ட் வரை, அதாவது பேட்டரி வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு வரை நிரம்பும்போது எல்.இ.டி. எரியும், 7 வழியாக 3 வோல்ட்டுக்கு இறங்கும்போது அணையும். ஒரு சுற்றுக்கான நேரம் 0.693 × (முதல் ரெசிஸ்டர் + 2 × இரண்டாம் ரெசிஸ்டர்) × கெப்பாசிட்டர். நம் மதிப்புகளுக்குச் சுமார் 0.95 நொடி. எலக்ட்ரோலிட்டிக்குகளின் மதிப்பு 20 சதவீதம் வரை மாறலாம் என்பதால் துல்லியம் எதிர்பார்க்க வேண்டாம். கெப்பாசிட்டர் பூஜ்ஜியத்திலிருந்து நிரம்பத் தொடங்குவதால் முதல் மின்னல் மட்டும் சற்று நீளும், அது பழுதல்ல.

எல்.இ.டி. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் 10-க்குப் பதிலாக 0.1 மைக்ரோஃபாரட் செருகியிருக்கலாம்: நொடிக்கு நூறு முறைக்கு மேல் மின்னுவதைக் கண் பிரித்தறியாது. சுத்தமாக எரியவே இல்லையென்றால் 8-க்கும் 1-க்கும் இடையே மல்டிமீட்டரில் 9 வோல்ட் வருகிறதா பாருங்கள். நீளமான சில பிரெட்போர்டுகளில் பவர் வரிசை நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். 9 வோல்ட் வந்தால், எல்.இ.டி.யைத் திருப்பிச் செருகிப் பாருங்கள்.

வேகத்தை மாற்ற வேண்டுமா? 68 கிலோ ஓமுக்குப் பதில் 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரையும் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) அதோடு தொடராக இன்னொரு 1 கிலோ ஓமையும் போடுங்கள். பிளஸ்ஸிலிருந்து 7-க்குப் போகும் 1 கிலோ ஓமை மட்டும் குறைக்காதீர்கள். அது இல்லாவிட்டால் 7-க்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் பேட்டரியை ஷார்ட் செய்து ஐ.சி. சூடாகிப் போய்விடும்.