மேலூர்ப் பக்கத்து மொட்டை மாடியில் கோடை பண்பலை: மூன்று கம்பி ஆன்டெனா செய்வது எப்படி?

எங்கள் ஊர் மதுரைப் பக்கத்து மேலூருக்குச் சற்றுக் கிழக்கே. அப்பத்தாவுக்கு ராத்திரி கொடைக்கானல் வானொலியின் கோடை பண்பலையில் (100.5 மெகாஹெர்ட்ஸ்) பழைய பாட்டு ஓடினால்தான் கண் அசரும். பல வருஷமாகச் சின்ன ரேடியோ ஒன்றை ஜன்னல் கம்பியில் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மேற்கு வீட்டில் மாடி எழும்பியதும் கரகரப்பு ஆரம்பித்துவிட்டது. "என்னய்யா ராசா, பாட்டுக்காரன் எண்ணெய்ச் சட்டிக்குள்ள உக்காந்து பாடுறாப்ல இருக்கு" என்று ஒருநாள் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹேக்ஸா பிளேடை எடுத்தேன்.

செல்போனில் கேட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். கேட்கலாம். ஆனால் கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கம் நெட்டும் தடுமாறும். எண்பது வயதுக்காரர் இருட்டில் ஆப் தேடிக்கொண்டிருக்க முடியாது. குமிழைத் திருகினால் பாட்டு வர வேண்டும். அதற்குத்தான் இத்தனையும்.

ஏன் கரகரக்கிறது?

கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து கிளம்பும் எஃப்எம் அலைக்குத் தொடுவானம் 180 கிலோமீட்டருக்கு மேல். மதுரை நேர்கோட்டில் 77 கிலோமீட்டர்தான், மேலூர் 95 சொச்சம். தூரம் ஒரு பிரச்சினையே இல்லை.

பிரச்சினை அழகர்மலை. மேலூரிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரு நேர்கோடு போட்டால் அது அழகர்கோயில் பக்கமாகத்தான் போகும். அலை மலை விளிம்பை உரசி, வளைந்து, மெலிந்துதான் நம் மாடிக்கு வருகிறது. மெலிந்து வருவதை அள்ளிச் சேர்க்க ஒரு திசைக்கம்பி வேண்டும். நாகமலை அடிவாரத்தில் இருப்பவர்களுக்கும் இதே கதை. மதுரை டவுனுக்குள் மாடியில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் கீழே சொல்கிற நடுக்கம்பி ஒன்றே போதும்.

சாமான்கள்

10 அல்லது 12 மில்லிமீட்டர் அலுமினியக் குழாய், ஒன்றரை மீட்டர் பிவிசி குழாய் ஒன்று, ஆர்ஜி 6 கேபிள் தேவையான நீளம், நட்டு போல்ட்டு, இன்சுலேஷன் டேப். கேபிள் டிவிக்காரர்கள் இழுக்கிற அதே ஒயர்தான் ஆர்ஜி 6. செம்பு நடு ஒயர் உள்ளதாக, அதைச் சுற்றிய உலோகப் பின்னல் நெருக்கமாக இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். மதுரை டவுன்ஹால் ரோட்டில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள்.

குழாய் வாங்கும் முன் சொந்தக்காரர்களின் மொட்டை மாடியை ஒருமுறை பாருங்கள். கொடைக்கானல் டவரிலிருந்து தூர்தர்ஷன் பார்த்த காலத்தில் வீட்டுக்கு வீடு மீன்முள் ஆன்டெனா நின்றது. அதற்கும் முன்னால் இலங்கையின் ரூபவாஹினி டிவிக்காக உயரக் கம்பம் நட்டவர்களும் உண்டு. பல வீடுகளில் அந்த எலும்புக்கூடு இன்றும் கொடிக்கயிறு கட்ட நிற்கிறது. எனக்கு மூன்று கம்பியும் பெரியப்பா வீட்டு மாடியிலேயே கிடைத்துவிட்டது. துருப்பிடிக்காத அலுமினியம், மேலே வெள்ளையாகப் பூத்திருந்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும்.

அளவும் அறுப்பும்

300-ஐக் கோடையின் அலைவரிசை எண்ணான 100.5-ஆல் வகுத்தால் 2.985. அலையின் நீளம் மீட்டரில். அதில் பாதி 1 மீட்டர் 49 சென்டிமீட்டர். கம்பிக்கு அதில் நூற்றுக்கு ஐந்து குறைத்தால் 142. இதுதான் நடுக்கம்பி.

நடுக்கம்பியை ஒரே துண்டாக வைக்காதீர்கள். 70 சென்டிமீட்டரில் இரண்டு துண்டு, நடுவில் 2 சென்டிமீட்டர் இடைவெளி. பின்கம்பி 149, முன்கம்பி 133. இவை இரண்டும் முழுத்துண்டு. பிவிசி குழாயில் பின்கம்பிக்கும் நடுக்கம்பிக்கும் இடையே 60, நடுக்கம்பிக்கும் முன்கம்பிக்கும் இடையே 45 சென்டிமீட்டர் விட்டுத் துளை போட்டுச் சொருகுங்கள். கம்பிகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அரை சென்டிமீட்டர் முன்பின் ஆனால் ஒன்றும் ஆகாது.

முன்கம்பி இருக்கும் பக்கம்தான் கொடைக்கானலைப் பார்க்க வேண்டும். மதுரை வானொலியின் 103.3-க்குச் செய்ய நினைத்தால் எல்லா அளவையும் 0.97-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கேபிள் பொருத்துவது

நடுக்கம்பியின் ஒரு பாதியில் கேபிளின் நடு ஒயர், மறு பாதியில் வெளிப் பின்னல். அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது, அதனால் திருகும் வாஷரும் போட்டு இறுக்குங்கள். பொருத்திய இடத்துக்குப் பக்கத்திலேயே கேபிளை ஒரு சாண் அகலத்தில் ஆறு சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுங்கள். கேபிளின் வெளிப்பக்கம் தானே ஆன்டெனாவாக மாறி வீட்டு இரைச்சலைப் பிடிப்பதை இந்தச் சுற்று தடுக்கும்.

மல்டிமீட்டர் இருந்தால் கேபிளின் கீழ்முனையில் நடு ஒயருக்கும் பின்னலுக்கும் வைத்துப் பாருங்கள். பீப் சத்தம் வரக் கூடாது. வந்தால் பின்னலின் ஒரு மயிரிழை எங்கோ நடு ஒயரைத் தொடுகிறது. ஒரே ஒரு இழைதான், ஆனால் மொத்தச் சிக்னலையும் தின்றுவிடும்.

மழைநீர் கேபிளுக்குள் இறங்கும். திருகிய இடத்தை எம்-சீல் வைத்து மூடி, கேபிள் கீழே இறங்கும் முன் ஒரு தொங்கல் விடுங்கள். தண்ணீர் அந்தத் தொங்கலிலிருந்து சொட்டிவிடும்.

திசை

நான் இரண்டு வாரம் தொலைத்த இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

முதல் தப்பு, பஸ் போகிற வழியைத் திசை என்று நினைத்தது. எங்களுக்குக் கொடைக்கானல் என்றாலே திண்டுக்கல் ரோடுதான் மனதில் வரும். அந்தப் பக்கம் திருப்பி வைத்தேன். ரோடு சுற்றிக்கொண்டு போகும், அலை சுற்றாது. மதுரையிலிருந்து திண்டுக்கல் கிட்டத்தட்ட வடக்கு, கொடைக்கானல் மேற்கும் வடமேற்கும் கலந்த பக்கம். இரண்டுக்கும் 45 டிகிரி வித்தியாசம்.

திசைகாட்டியில் வடக்கை 0 என்று வைத்து வலச்சுற்றாக எண்ணினால் கொடைக்கானல் மதுரையிலிருந்து 297 டிகிரி, மேலூரிலிருந்து 284, சிவகங்கையிலிருந்து 292, உசிலம்பட்டியிலிருந்து 313. தேனிக்கு நேர் வடக்கு. பக்கத்து ஊர்க்காரர் வைத்த திசையைப் பார்த்து வைக்காதீர்கள், உங்கள் மாடியிலிருந்து கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது தப்புதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. 284 என்று தெரிந்த பிறகு செல்போனில் திசைகாட்டியைத் திறந்து, ஆன்டெனா கட்டிய இரும்புக் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு திருப்பினேன். போனில் 284 காட்டியது. ஆனால் பாட்டு ஜன்னல் ரேடியோவைவிட மோசம். கம்பிகளைக் கழற்றி மறுபடி அளந்தேன். கேபிளை மாற்றினேன். இணைப்பை மூன்று முறை பிரித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. ஒருநாள் சாயங்காலம் போனைச் சட்டைப்பையில் போடப் போனவன் யதேச்சையாகப் பார்த்தேன். கம்பத்தை விட்டு நான்கு அடி தள்ளி வந்ததும் முள் அப்படியே திரும்பியது, கிட்டத்தட்ட 40 டிகிரி. இரும்புக் கம்பமும், பக்கத்துத் தூணுக்காக நீட்டி விட்டிருந்த முறுக்குக் கம்பிகளும் போனுக்குள் இருக்கும் காந்த உணரியை இழுத்துப் பொய் சொல்ல வைத்திருக்கின்றன.

அதனால் திசைகாட்டியை நம்பவே வேண்டாம் என்கிறேன். செல்போன் மேப்பில் உங்கள் வீட்டைப் பெரிதாக்கி, அங்கிருந்து கொடைக்கானலுக்குத் தூரம் அளக்கும் கோட்டைப் போடுங்கள். பிறகு உங்கள் வீட்டுப் பக்கத்தில் அந்தக் கோடு எதன் மேல் போகிறது என்று பாருங்கள். எங்களுக்கு அது மூன்று தெரு தள்ளியிருக்கும் தண்ணீர்த் தொட்டியின் வடக்கு ஓரம். மாடியில் நின்று அந்த ஓரத்துக்கு நேராகக் குழாயை நீட்டினேன். கீழேயிருந்து அப்பத்தா, "வந்துருச்சுய்யா" என்று குரல் கொடுத்தார்.

அப்புறம் ஒரு நுணுக்கம். மேலூரிலிருந்து பார்த்தால் மதுரை 244 டிகிரி வாக்கில் இருக்கிறது. கொடைக்கானலுக்கும் அதற்கும் 40 டிகிரிதான் இடைவெளி. மதுரை நிலையங்கள் பக்கத்தில் இருப்பதால் பலமாக வந்து சில செட்டுகளைத் திணறடிக்கும். ஆன்டெனாவை 15 டிகிரி கூடுதலாக வடக்கே திருப்பினால் கோடையின் பலம் சொல்லும்படி குறையாது, மதுரையின் பலம் நன்றாகக் குறையும். திருப்பும்போது பாட்டைக் கேட்காதீர்கள், பேச்சைக் கேளுங்கள். பேச்சின் இடைவெளியில் வரும் 'ஸ்ஸ்' ஓசை எங்கே மிகக் குறைவோ அங்கே இறுக்குங்கள்.

கம்பிகளைப் படுக்கையாக வைப்பதா நிமிர்த்தி வைப்பதா? மலைகளில் பட்டு வரும் அலைக்குச் சட்டம் கிடையாது. இரண்டையும் வைத்துக் கேளுங்கள். எங்கள் வீட்டில் வித்தியாசம் தெரியவில்லை, படுக்கையாகவே விட்டுவிட்டேன். நிமிர்த்தினால் நன்றாக இருக்கிறது என்றால் மேல்பக்கம் இரும்புக் கம்பத்துக்குப் பதில் மூங்கில் வையுங்கள், கம்பிக்கு இணையாக நிற்கும் இரும்பு குறுக்கிடும்.

எந்த ரேடியோ?

என் தேர்வு பழைய கார் ஸ்டீரியோ. புதுச் சின்ன ரேடியோ எதையும் இதற்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன். ஓடும் காரில் ஊர் ஊராகச் சிக்னல் பிடிக்கவென்று செய்த செட், அதனால் டியூனர் கூர்மையாக இருக்கும். ஆன்டெனாவுக்குத் தனி ஓட்டை இருக்கும். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும், கரண்ட் போனாலும் பாட்டு நிற்காது.

பின்னால் தொங்கும் ஒயர்களில் மஞ்சளும் சிவப்பும் சேர்த்து பேட்டரியின் பிளஸ், கறுப்பு மைனஸ். மஞ்சளை விட்டுச் சிவப்பை மட்டும் கொடுத்தால் செட் இயங்காது, சிவப்பில் மட்டும் ஸ்விட்ச் வைத்தால் நிலைய எண் ஞாபகத்தில் நிற்கும். மஞ்சள் ஒயரில் இருக்கும் ஃபியூஸை வெட்டி எறிந்துவிடாதீர்கள். ஆன்டெனா முள்ளில் கேபிளின் நடு ஒயர், உறையில் பின்னல். செட்டில் மோனோ (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி) வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், மெலிந்த சிக்னலில் இரைச்சல் சட்டென்று அடங்கும்.

கம்ப்யூட்டர் பழக்கம் உள்ளவர்கள் ஆர்டிஎல் 2832யு சில்லு உள்ள யுஎஸ்பி குச்சியையும் பயன்படுத்தலாம். வெளிநாட்டில் டிஜிட்டல் டிவி பார்க்கச் செய்தது அது. நம் தூர்தர்ஷனின் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு டிவிபி-டி2 என்ற வேறு முறை என்பதால் இங்கே அதில் டிவி வராது. ஆனால் 100.5-ஐச் சுற்றியுள்ள எஃப்எம் அலைவரிசைத் துண்டைத் திரையில் மேடு பள்ளமாகக் காட்டும். ஆன்டெனாவைத் திருப்பத் திருப்ப 100.5-இல் மேடு எழும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்

கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கரண்ட் கம்பியைத் தொடக் கூடாது. கம்ப உயரத்தைவிடக் கூடுதல் தூரம் தள்ளி நடுங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே பழமொழி இல்லை, அனுபவம். மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுங்கள். ஐப்பசியில் இடி சத்தம் தூரத்தில் கேட்கும்போதே கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். அப்பத்தாவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், என்னைவிட ஒழுங்காகச் செய்கிறார்.

பின்னால் சேர்த்தவை

இதைப் படித்த ஒருவர் பழைய சாமான் கடையில் கார் செட் வாங்கியிருக்கிறார், 90-க்கு மேல் எண் போகவே இல்லையாம். அது ஜப்பான் உள்நாட்டுச் செட். அங்கே எஃப்எம் 76-இல் தொடங்குகிறது, அந்தக்காலச் செட்டுகள் 90-ஓடு நின்றுவிடும். காசு கொடுக்கும் முன் 108 வரை ஓட்டிப் பாருங்கள்.

தேனியிலிருந்து ஒருவர், மலை கண்ணெதிரே நிற்கிறது, ஆனாலும் இரைகிறது என்று கேட்டார். கண்ணெதிரே நிற்பதுதான் காரணம். செங்குத்தான சரிவின் அடியில் இருந்தால் உச்சியில் இருப்பது மறைந்துவிடும். அடிவாரத்தில் ஆன்டெனாவை உயர்த்துவதைவிட, மாடியிலேயே நாலைந்து இடம் மாற்றி வைத்துப் பார்ப்பது பலன் தரும். இரண்டு மீட்டர் நகர்த்தினாலே ஆள் மாறிப்போகும்.

கடைசியாக, எங்கள் வீட்டிலேயே நடந்தது. தெளிவாகப் பாடிக்கொண்டிருந்த செட் தை மாதத்தில் ராத்திரியில் மட்டும் இரைய ஆரம்பித்தது. மாடியில் ஏறிப் பார்த்தால் எல்லாம் இருந்தபடியே இருந்தது. மெயினை அணைத்து பேட்டரியில் கேட்டேன், சுத்தமாக வந்தது. பிறகு ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தேன். அப்பத்தா கட்டிலுக்கு மேலே புதிதாக மாட்டிய எல்இடி பல்பைப் போட்டதும் இரைச்சல் திரும்பியது. மலிவான எல்இடி பல்புக்குள் இருக்கும் சின்னச் சர்க்யூட் எஃப்எம் வரை இரைச்சல் கக்கும். பல்பைக் கழற்றி வாசல் திண்ணைக்கு மாற்றினேன். இப்போது கட்டில் பக்கம் செட்டின் பச்சை எண் வெளிச்சம் மட்டும்தான்.