வீட்டுப் பள்ளி: மூன்று பிள்ளைகள், கிராஞ்சிச் சேறு, நாங்கள் செய்த தவறுகள்

சிங்கப்பூரில் பிள்ளைகளை வீட்டிலேயே படிப்பிக்கத் தொடங்கிய முதல் ஆண்டு, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் மூன்று நிறத்தில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தேன். ஒன்பது வயது மூத்தவளுக்குச் சிவப்பு, ஏழு வயது நடுவுள்ளவனுக்கு நீலம், நான்கு வயதுச் சின்னவளுக்குப் பச்சை. எட்டு மணிக்கு ஆங்கிலம், எட்டே முக்காலுக்குக் கணக்கு, ஒன்பதரைக்குத் தமிழ். அது பதினொரு நாள் தாங்கியது. பன்னிரண்டாம் நாள் காலை, பின்னக் கணக்கு வராமல் மூத்தவள் அழுதாள். அது ‘ந’வா ‘ன’வா என்று நடுவுள்ளவன் ஐந்தாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். சின்னவள் அரிசி டின்னைக் கவிழ்த்து அதன் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மூவரையும் சத்தம் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்றேன்.

அந்த அட்டவணை பிள்ளைகளுக்காகப் போட்டதே இல்லை என்று பிறகுதான் புரிந்தது. “ஏம்மா, ஸ்கூலுக்கு அனுப்பலையா?” என்று மின்தூக்கியில் கேட்கும் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும், ஊரிலிருந்து வீடியோ காலில் கவலைப்படும் சொந்தங்களுக்கும் காட்ட எனக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. சின்னப் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் குடும்பங்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்தப் பயத்திலிருந்துதான் முளைக்கின்றன. நாங்கள் பட்டுத் திருத்திக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில் சட்டம்

இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண். கட்டாயக் கல்விச் சட்டம் 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. சிங்கப்பூரில் வசிக்கும் குடிமக்களின் பிள்ளைகள், ஆறு வயதைக் கடந்து பதினைந்து வயதுக்குள், தேசியத் தொடக்கப்பள்ளியில் படித்தாக வேண்டும். வீட்டில் படிப்பிக்க விரும்பினால் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற வேண்டும், அதுவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக. மூத்தவளுக்குக் கிடைத்துவிட்டதால் தம்பிக்கும் தானாகக் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. விலக்கில்லாமல் பிள்ளையை வீட்டில் வைத்திருந்தால் 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

“வீட்டுப் பள்ளிதானே, பரீட்சை இருக்காது” என்பது நான் அடிக்கடி கேட்கும் இன்னொரு தவறான எண்ணம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதியே ஆக வேண்டும். தேசியப் பள்ளிகளில் நான்கு பொதுநிலைப் பாடங்களும் எடுக்கும் மாணவர்களை வைத்துக் கணக்கிடப்படும் 33வது சதமான மதிப்பெண்ணையாவது எட்ட வேண்டும். அதாவது மூவரில் ஒருவரையாவது முந்த வேண்டும். நிதானமாகத் தொடர்ந்து படித்த பிள்ளைக்கு அது எட்டாத உயரம் இல்லை. இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துவைத்திருந்தால் ஒன்றாம் ஆண்டிலிருந்தே பிள்ளையைப் போட்டு வாட்டத் தேவையிருக்காது.

மூன்று பள்ளிக்கூடம் நடத்தாதீர்கள்

வயதுக்கு ஒரு வகுப்பு என்று வைத்தால் ஒரே அம்மா மூன்று பள்ளிக்கூடம் நடத்த வேண்டிவரும். யாராலும் முடியாது. கணக்கையும் எழுத்துப் பயிற்சியையும் மட்டும் தனித்தனியாக வைத்துக்கொண்டோம், ஆளுக்கு இருபது முப்பது நிமிடம். ஏழு வயதுப் பையனுக்கு அதற்கு மேல் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் ஏறுவதில்லை. மற்றதெல்லாம் மூவருக்கும் ஒரே பொருள், அவரவர் உயரத்துக்கு ஒரு வேலை.

எங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது சுங்கை பூலோ சதுப்புநிலம். சிங்கப்பூரில் ஏது கிராமப்புறம் என்று கேட்பவர்கள் கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் ஒரு வார நாள் காலையில் போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் சுவா சூ காங் புளோக்கிலிருந்து பேருந்தில் ஏறினால், கொஞ்ச நேரத்தில் அடுக்குமாடிகள் முடிந்து கீரைப் பாத்திகளும் மீன் பண்ணைகளும் வந்துவிடும். 2002ல் இயற்கை வனப்பகுதியாக அறிவிக்கப்பட்ட சுங்கை பூலோ சதுப்புநிலம் அங்கேதான் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் அந்தப் பக்கம் போக ஆரம்பித்தோம். முதல் நாளே ஒரு தவறு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் ஏறியிருந்தது. மரங்கள் பாதி மூழ்கி நின்றன, நண்டு இல்லை, சேற்றில் துள்ளும் மீன் இல்லை. சின்னவள் நடைபாலத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுவிட்டு வந்தாள்.

கடல் வற்றும் நேரத்தைப் பார்க்காமல் சதுப்புநிலத்துக்குப் போகாதீர்கள். நேரங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. நாங்கள் அதையே பாடமாக்கிக்கொண்டோம். மூத்தவள் ஒரு வாரம் தினமும் வற்றும் நேரத்தை எழுதிவைத்துக் கழித்துப் பார்த்தாள். நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஏன் என்று கேட்டாள், அதிலிருந்து நிலாவுக்குப் போனோம். அடுப்படியில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமியைத் தேடி வட்டமிடுவது நடுவுள்ளவன் வேலை. அந்த நாள்களை ஒட்டித்தான் கடல் மிகவும் ஏறி மிகவும் வற்றும். அவனுடைய அப்பாயி, என் மாமியார், விரதத்துக்காகப் பார்க்கும் அதே தாள், அவனுக்குச் சேறு எப்போது வெளியே வரும் என்று சொல்லும் தாளாகிவிட்டது.

இரண்டாம் தடவை வற்றின நேரத்தில் போனோம். சின்னவள் நண்டு எண்ணினாள். பதினான்கு வரை வந்து, பதினைந்து மறந்துபோய், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். நடுவுள்ளவன் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலே நீட்டிக்கொண்டிருந்த வேர்களை வரைந்தான். வேர் ஏன் மேல்நோக்கி வளர்கிறது என்பது மூத்தவளின் கேள்வி. நீர் ஊறிய சேற்றுக்குள் காற்று இல்லை, அதனால் மூச்சுவாங்க வேர் வெளியே வருகிறது. சேற்றில் துள்ளும் மீனும் அப்படியே, தோல் ஈரமாக இருக்கும் வரை வெளியே இருந்துகொண்டே மூச்சுவிடும். ஒரே சேற்றில் எண், ஓவியம், அறிவியல் மூன்றும் நடந்தன. ஃபிரிட்ஜ் கதவில் இருந்த அட்டவணையை அன்று மாலையே கழற்றினேன்.

அச்சுத்தாளோடு போகாதீர்கள். மூன்றாம் தடவை ஆசையில் ஒரு தாள் தயாரித்துக் கொண்டுபோனேன், ‘கீழ்க்காணும் பறவைகளைக் கண்டால் சரிக்குறி இடுக’ என்று. பிள்ளைகள் தாளைப் பார்த்தார்கள், பறவையைப் பார்க்கவில்லை. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கே சைபீரியாப் பக்கமிருந்தெல்லாம் பறந்துவரும் பவளக்காலியும் உள்ளானும் எதிரே இரை தேடிக்கொண்டிருக்க, என் மகன் பென்சில் கூர் உடைந்ததற்கு அழுதுகொண்டிருந்தான். இப்போது போகும்போது வெற்று நோட்டுப் புத்தகம் மட்டும்தான். எழுதுவது வீட்டுக்கு வந்த பிறகு, மறுநாள் காலை. ஒரு நாள் கழித்து நினைவிருப்பதைத்தான் பிள்ளை உண்மையில் பார்த்திருக்கிறது.

பாதுகாப்பில் மட்டும் பிள்ளைகள் இஷ்டத்துக்கு விடாதீர்கள். சுங்கை பூலோவில் உவர்நீர் முதலைகள் இருக்கின்றன, பாதையை விட்டு இறங்கவே கூடாது. மதியத்துக்கு முன் கிளம்பிவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் இடி மின்னல் இங்கே சாதாரணம். இடிச் சத்தம் கேட்டால் கூரைக்குக் கீழே போவதுதான், ‘இன்னும் அஞ்சு நிமிஷம்மா’வுக்கெல்லாம் இடமில்லை. முழுக்கை சட்டை, கொசுமருந்து, ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் போத்தல் எப்போதும் பையில் இருக்கட்டும்.

கிராஞ்சியில் இன்னொரு இடமும் இருக்கிறது, போர் நினைவிடம். பிஎஸ்எல்இ எழுதுவதற்கு முன் வீட்டுப் பள்ளிப் பிள்ளைகள் நாட்டைப் பற்றிய தேசியக் கல்வி வினாவிடை ஒன்றையும் எழுத வேண்டும். ஆறாம் ஆண்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்யலாம் என்று தள்ளிவைப்பது பலரும் செய்வது. நாங்கள் நேரிலேயே போய்ப் பார்த்தோம். கிராஞ்சிப் போர் நினைவிடத்தின் சுவர்களில் கல்லறைகூட இல்லாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன, இந்தியப் படைவீரர்களின் பெயர்களும் சேர்த்து. தன் தாத்தா பெயர் அங்கே இருக்கிறதா என்று என் மகன் விரலால் தடவித் தடவித் தேடினான். ஜப்பானியர் ஆட்சியைப் பற்றி அன்று இரவு அவன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல எனக்கே புத்தகம் தேவைப்பட்டது.

அக்காவை டீச்சர் ஆக்காதீர்கள்

இதை நினைத்தால் இன்னமும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. “அக்கா சொல்லித் தருவா, போ” என்பது எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிடுகிறது! சில மாதம் அப்படியே ஓடியது. ஒரு நாள் அவள் நோட்டில் பார்த்தேன். மூன்று வாரமாக அவளுடைய சொந்த வேலை ஒரு பக்கம்கூட நகரவில்லை, தம்பிக்குப் போட்டுக்கொடுத்த கூட்டல் கணக்குகள்தான் நிறைந்திருந்தன. கேட்டதற்கு, “நீங்க களைப்பா இருந்தீங்கம்மா” என்றாள்.

தங்கைக்குக் கதை படித்துக்காட்டுவது வேறு, தம்பியின் படிப்புக்குப் பொறுப்பேற்பது வேறு. கதை படிப்பதைத் தொடரவிட்டோம். படிப்புப் பொறுப்பை நானும் கணவரும் திரும்ப எடுத்துக்கொண்டோம். காலையில் முதல் அரைமணி மூத்தவளுக்கு மட்டும். அந்த நேரத்தில் சின்னவளுக்கு ஒரு தட்டில் உளுந்தும் பச்சைப்பயறும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்வேன். பெரும்பாலும் அரைமணி தாங்கும்.

தமிழை முக்கால் மணி நேரத்துக்குள் அடைக்காதீர்கள்

எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு, தமிழுக்கு ஒரு துணைப்பாட வகுப்பு வைத்தால் போதும் என்று நினைத்திருந்தோம். நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கும் பிள்ளைக்குத் தமிழைப் போகவரக் கொடுக்கும் வாய்ப்பு நம் கையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மணிக்கு இவ்வளவு என்று வெளியே தேடினோம்.

மாமியார் மூன்று மாதம் தங்க வந்திருந்தபோது லிம் சூ காங்கில் ஓர் ஆட்டுப் பண்ணைக்குப் போனோம். காலையில் பால் கறப்பதைப் பார்க்கலாம், இயந்திரக் கறவைதான். புதுக்கோட்டைப் பக்கம் ஆடு வளர்த்த கை அவருடையது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, “அது மடி. அது காம்பு. குட்டி போட்டதும் மொத மொத வர்றது சீம்பாலு, கெட்டியா இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே போனார்.

“அப்பாயி, ஏன் அது சும்மாவே மென்னுக்கிட்டு இருக்கு?”

“அசைபோடுதுடா தங்கம். அவசரமா தின்னதை மறுபடி வாய்க்குக் கொண்டாந்து மெல்லுது.”

“ரூமினன்ட்!” என்று மூத்தவள் கத்தினாள். ஆங்கிலத்தில் படித்திருந்த சொல் அங்கே தமிழோடு வந்து ஒட்டிக்கொண்டது. நான் அப்போது செய்த காரியம், “அத்தை, எழுத்துத் தமிழ்ல சொல்லுங்களேன், பரீட்சைக்கு வேணும்” என்றது. அவர் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

நான் சொன்னது முறையும் இல்லை, தேவையும் இல்லை. 2005ல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழுவே பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் வேண்டும் என்றது. பிஎஸ்எல்இ தமிழில் 200 மதிப்பெண்ணில் 50 வாய்மொழிக்கு, 20 கேட்டலுக்கு. வீட்டில் வாய் திறந்து தமிழ் பேசாத பிள்ளைக்கு அந்த 70 எங்கிருந்து வரும்? எழுத்துத் தமிழை வாசிப்பிலிருந்து கொடுக்கலாம். நூலகத்தின் தமிழ்ப் பகுதி இருக்கிறது, தமிழ் முரசு நாளிதழின் மாணவர் முரசு இருக்கிறது. பேச்சை மட்டும் வீடுதான் கொடுக்க முடியும். அடுத்த வாரம் என் மகன், “அம்மா, பாப்பா சோத்தை அசைபோட்டுக்கிட்டே இருக்கா, எந்திரிக்கவே மாட்டேங்குறா” என்று புகார் சொன்னான். எந்தத் துணைப்பாட வகுப்பும் அவனுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்திருக்காது.

இன்னும் ஒன்றிரண்டு. பிள்ளைகளுக்கு நண்பர்கள் கிடைக்க மாட்டார்கள் என்று பயந்து வாரம் நான்கு வகுப்புகளில் சேர்த்துவிடாதீர்கள். மாலையில் கீழே விளையாட்டு மைதானத்துக்குப் போனால் பள்ளி விட்ட பிள்ளைகள் அங்கே இருப்பார்கள், தினமும் அதே நேரத்துக்குப் போனாலே போதும். பிள்ளை எழுதியதை, வரைந்ததைத் தேதி போட்டு ஒரு கோப்பில் வையுங்கள். அமைச்சுக்கு முன்னேற்றத்தைக் காட்ட வேண்டிய நேரத்தில் ஒரு வருடத்தை ஒரே இரவில் தேட வேண்டியிருக்காது.

அம்மா தனியாகவே சுமக்க வேண்டும் என்று இருக்காதீர்கள். நான் ஒன்றரை வருடம் அப்படி இருந்து, குரல் எப்போதும் உயர்ந்தே இருக்கும் ஆளாகிவிட்டேன். இப்போது சனிக்கிழமை காலை மூவரும் அப்பாவோடு. சமையல், சந்தை, சைக்கிள் எல்லாம் அவர் பாடு. எனக்கு அந்த நான்கு மணி நேரம் முழுக்கச் சொந்தம். முதல் சில வாரம் அதையும் அடுத்த வாரப் பாடம் தயாரிக்கவே செலவழித்தேன், பிறகு அதையும் விட்டுவிட்டேன்.