பாக்கெட்டை மாற்றுவதற்கு முன்: தோற்றத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2009 ஜனவரியில் பெப்சிகோ நிறுவனம் அமெரிக்காவில் தன் டிராபிகானா ஆரஞ்சு ஜூஸின் அட்டைப்பெட்டியை மாற்றியது. ஆரஞ்சுப் பழத்தில் நேராக ஸ்ட்ரா குத்தியிருக்கும் பழைய படத்தை எடுத்துவிட்டு, ஒரு கண்ணாடித் தம்ளர் நிறைய ஜூஸைப் போட்டார்கள். பெயரையும் செங்குத்தாகத் திருப்பிவிட்டார்கள். உள்ளே இருந்த ஜூஸ் என்னவோ அதேதான். இரண்டு மாதம் முடிவதற்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் விழுந்தது. பிப்ரவரி கடைசியில், பழைய பெட்டிக்கே திரும்புகிறோம் என்று அறிவித்தார்கள்.

புதுப் பெட்டி பார்க்க மோசமாக இல்லை. தனியாக மேசைமேல் வைத்தால் லட்சணமாகத்தான் இருக்கும். கடை அலமாரியில், நாலு ஜூஸ் பெட்டிகளுக்கு நடுவே, அது எது என்று தெரியாமல் போனதுதான் வினை. சூப்பர் மார்க்கெட்காரர் சொந்தப் பெயரில் போடும் மலிவுச் சரக்கு மாதிரி இருக்கிறது என்றுகூடப் புகார் வந்தது. வழக்கமாக வாங்குகிறவர் பெயரைப் படித்துப் பார்த்து எடுப்பதில்லை. நிறம், வடிவம், ஒரு படம், இவற்றைத் தூரத்திலேயே பார்த்ததும் கை தானாகப் போகும். அந்த அடையாளம் எது என்று கண்டுபிடிக்காமலே அதை மாற்றுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

கண்டுபிடிக்கச் செலவே இல்லை. லேபிளில் பெயரை விரலால் மறைத்துவிட்டு, தொடர்ந்து வாங்கும் சிலரிடம் காட்டுங்கள். எதை வைத்து அடையாளம் சொல்கிறார்களோ அதில் கை வைக்காதீர்கள். 1915-இல் கொக்கோ கோலாவுக்குப் புது பாட்டில் வேண்டும் என்றபோது கண்ணாடித் தொழிற்சாலைகளுக்குச் சொன்ன நிபந்தனையும் கிட்டத்தட்ட இதுதான்: இருட்டில் தொட்டாலும், உடைந்து தரையில் கிடந்தாலும் இன்ன பாட்டில் என்று தெரிய வேண்டும்.

பாக்கெட்டை மாற்றச் சொல்வது பெரும்பாலும் வாடிக்கையாளர் அல்ல, முதலாளியின் சலிப்பு. அவர் அந்த லேபிளைத் தினமும் பார்க்கிறார். வாங்குகிறவர் மாதத்தில் ஒரு நாள், சில விநாடி பார்க்கிறார். மச்சான் மகன் டிசைனிங் படித்திருக்கிறான் என்பதற்காக மாறிய லேபிள்களும் நம் ஊரில் கணிசம்.

நிறத்தில் விளையாடுவது அடுத்த வம்பு. 2011 குளிர்காலத்தில், பனிக்கரடிகளைக் காப்பாற்றும் பிரச்சாரத்துக்காகக் கொக்கோ கோலா வெள்ளை கேன்களை விட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால் சர்க்கரை போடாத, வெள்ளி நிறத்து டயட் கோக் என்று நினைத்துச் சிலர் மாற்றி எடுத்தார்கள். ருசியே மாறிவிட்டது என்று வேறு சிலர் சண்டைக்கு வந்தார்கள். சீக்கிரமே சிவப்பு திரும்பி வந்தது. சாம்பார் பொடிக்கும் ரசப் பொடிக்கும் ஒரே நிறத்தில் பாக்கெட் போட்டு, பெயரை மட்டும் சின்னதாக மாற்றுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அடுப்படி அவசரத்தில் யாரும் எழுத்துக் கூட்டிப் படிக்க மாட்டார்கள்.

ருசி மாறிவிட்டது என்றவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். லூயி செஸ்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டியதே அதைத்தான்: மேலுறையைப் பற்றிய உணர்வை மனம் உள்ளிருக்கும் பொருளின் மேல் ஏற்றிவிடும். செவன்-அப் மேலுறையின் பச்சையில் மஞ்சளைக் கொஞ்சம் கூட்டியதற்கே எலுமிச்சை தூக்கல் என்றார்களாம். கண் மட்டுமல்ல, காதும் உண்டு. சன்சிப்ஸ் என்ற அமெரிக்க சிப்ஸ், மண்ணில் மட்கும் பை ஒன்றில் வந்தது. தொட்டால் போடும் சரசரப்பைத் தாங்க முடியாமல் ஜனம் கத்த, 2010-இல் அமெரிக்காவில் பெரும்பாலான ரகங்களுக்கு அதைக் கைவிட்டார்கள்.

அழகுக்காகச் சரக்கையே கெடுப்பதும் நடக்கிறது. உள்ளே இருப்பது தெரியட்டும் என்று மிளகாய்த் தூளுக்கும் மஞ்சள் தூளுக்கும் கண்ணாடி ஜன்னல் வைத்த பவுச் வாங்குகிறார்கள். கடை வாசலில் வெயில் படும் இடத்தில் அது தொங்கினால் நிறம் வெளுக்கும். செக்கு எண்ணெயை நிறமில்லாத பாட்டிலில் அடைத்தாலும் வெளிச்சம் பட்டுச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஜன்னல் வேண்டுமென்றால் சின்னதாக, பாக்கெட்டின் பின்பக்கம் வையுங்கள்.

டிசைனை லேப்டாப் திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஓகே சொல்வது எல்லோரும் செய்வது. அசல் அளவில் ஒன்று அச்செடுத்து, மளிகைக் கடையில் மற்ற பாக்கெட்டுகளோடு வைத்து, ஆறேழு அடி தள்ளி நின்று பாருங்கள். பாதி டிசைன் அங்கேயே தோற்றுவிடும். ஒருமுறை உபயோகிக்கும் சின்னப் பாக்கெட்டான சாஷே என்றால் இன்னும் கவனம் தேவை. கடலூரில் வெல்வெட், சிக் ஷாம்புகள் வளர்த்த அந்தப் பழக்கத்தில், பாக்கெட் சரமாகத்தான் தொங்கும். பெயர் கிழிக்கும் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், கடைக்காரர் ஒன்றைக் கிழித்ததும் அடுத்ததில் பாதிப் பெயர் போய்விடும்.

சட்டம் கேட்பதைக் கடைசியில் ஒரு மூலையில் திணிக்காதீர்கள். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், எம்.ஆர்.பி., புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாம் இருக்க வேண்டும். எண்களின் உயரத்துக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு. பின்னணியிலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்றும் விதி சொல்கிறது. சந்தன நிறத்தில் தங்க எழுத்து கல்யாணப் பத்திரிகைக்குச் சரி, எம்.ஆர்.பி.க்கு ஆகாது. சைவ உணவுக்கான பச்சைக் கட்டமும் உள்ளே பச்சை வட்டமும் டிசைனர் இஷ்டத்துக்கு நிறம் மாற்றக்கூடியவை அல்ல.

எல்லாம் பார்த்த பிறகும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எழுத்து, நிறம், படம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழைய ஸ்டாக் கடைகளில் தீர்ந்ததா என்றும் பாருங்கள். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டில் ஒன்று டூப்ளிகேட் என்றுதான் ஜனம் நினைக்கும். கொஞ்ச நாளைக்குப் பழைய பாக்கெட்டின் சின்னப் படத்தைப் புதியதில் அச்சிட்டு, 'இதுவே இப்போது இப்படி' என்று ஒரு வரி போட்டால் கடைக்காரருக்கும் பதில் சொல்லும் வேலை குறையும்.