பாய்லர் போர்வையும் 2000 என்ற எண்ணும்: கனிம இழைகளின் நச்சுத்தன்மையைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் குளுவாங் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலைகளில் நீராவிக் குழாய்களுக்குச் சூடு காக்கும் சட்டை போட்டிருப்பது பெரும்பாலும் ராக்வூல், அதாவது பாறையை உருக்கி இழைத்த பஞ்சு. பாய்லர் கதவின் உட்புறம் போன்ற கடும் சூடு படும் இடங்களில் வெள்ளைச் செராமிக் போர்வை இருக்கும். இரண்டும் மனிதர் தயாரித்த கனிம இழைகள். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் நாள்களில் அங்கு வேலை செய்யும் நம் பிள்ளைகள் இவற்றைக் கையால் பிய்த்து எடுக்கிறார்கள். "இதில் விஷம் இருக்கிறதா?" என்று யாராவது கேட்டால், அலுவலகத்திலிருந்து பாதுகாப்புத் தரவுத் தாள் வருகிறது. அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். 11ஆம் பகுதியில் ஒரு வரி: எல்.டி.50, உடல் எடையில் கிலோவுக்கு 2000 மில்லிகிராமுக்கு மேல். எண்ணைப் பார்த்ததும் கேட்டவர் அடங்கிவிடுகிறார்.

அடங்க வேண்டியதில்லை. அந்த எண் சொல்வது இவ்வளவுதான்: பொருளை எலிக்கு வாய்வழியாக அந்த அளவு கொடுத்தும், பாதி எலிகள் சாகும் நிலை வரவில்லை. ராக்வூலை யாரும் சோற்றில் பிசைந்து உண்பதில்லை. வயிற்றுக்குள் போன இழை பெரும்பாலும் வந்த வழியே வெளியேறிவிடும். வாய்வழிச் சோதனையின் விடையை மூச்சுவழி ஆபத்துக்குப் பதிலாக வைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

மூச்சுவழிச் சோதனையையே செய்துவிட்டால் தீர்ந்துவிடுமா? வழக்கமான உடனடி நச்சுச் சோதனையில் விலங்கு 4 மணி நேரம் தூசியைச் சுவாசிக்கிறது. பிறகு 14 நாள் கண்காணிக்கிறார்கள். தூசிக்கான வகைப்பாட்டின் மேல் எல்லை லிட்டருக்கு 5 மில்லிகிராம், அதாவது ஒரு கன மீட்டர் காற்றில் 5000 மில்லிகிராம். அந்த அளவில் எந்தத் தூளை ஊதினாலும் மூச்சுப்பாதை அடைபடக்கூடும். அப்படி இறந்த எலியைக் காட்டி "இழை நச்சு" என்று எழுதுவதும் பிழை. பிழைத்த எலியைக் காட்டி "இழை சாது" என்று எழுதுவதும் பிழை.

அதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு. சோதனைக் கூண்டுக்குள் செலுத்தும் தூள் நுண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக இழையை அரைத்துவிடுகிறார்கள். இழையின் ஆபத்து அதன் நீளத்தில் இருக்கிறது. அரைத்தால் நீளம் போய்விடும். கையில் மிஞ்சுவது கண்ணாடிப் பொடி. அதைச் சோதித்துவிட்டு இழையைச் சோதித்ததாக அறிக்கை எழுதினால், அந்த அறிக்கை வேறொரு பொருளைப் பற்றியது. எலியின் மூக்கும் ஒரு சிக்கல். எலி மூக்கால் மட்டுமே சுவாசிக்கிறது. ஏறத்தாழ 1 மைக்ரோனுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடிமனான இழை அதன் நுரையீரல் ஆழத்தை எட்டுவது அரிது. மனிதருக்கோ 3 மைக்ரோன் வரை தடிமனான இழையும் உள்ளே போகலாம். எலிக்கு எட்டாதது நமக்கும் எட்டாது என்று எண்ணிவிடக் கூடாது.

நீளம் ஏன் முக்கியம் என்றால், நுரையீரலுக்குள் புகுந்த குப்பையை விழுங்கி அகற்றும் காவல் செல்கள் சுமார் 20 மைக்ரோனுக்கு மேல் நீண்ட இழையை முழுதாக விழுங்க முடியாது. அவை பாதி விழுங்கிய நிலையில் திணறி, அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கக்குகின்றன. இந்தத் தொல்லை 14 நாளில் முடிந்துவிடுவதில்லை. அதனால்தான் இழைகளைப் பொறுத்தவரை "எத்தனை எலி செத்தது" என்பதைவிட "இழை எத்தனை நாள் கரையாமல் தங்குகிறது" என்பதே பொருத்தமான கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இதை விதியாகவே எழுதியது. 20 மைக்ரோனுக்கு மேல் நீண்ட இழைகளில் பாதி, சுவாசிக்க வைத்த குறுகிய காலச் சோதனையில் 10 நாளுக்குள், அல்லது மூச்சுக்குழலில் செலுத்திய சோதனையில் 40 நாளுக்குள் மறைந்தால், புற்றுநோய் வகைப்பாட்டிலிருந்து விலக்குக் கிடைக்கலாம். ஆய்வுக்கூடத் திரவத்தில் கரைத்துப் பார்ப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நுரையீரல் திரவத்தின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; எண் குறைந்தால் அமிலம் கூடும்) சுமார் 7.4, காவல் செல்லுக்குள் சுமார் 4.5. கண்ணாடிப் பஞ்சு முன்னதில் நன்றாகக் கரையும்; புதிய வகை ராக்வூல் பின்னதில்தான் வேகமாகக் கரையும். ஒரே திரவத்தில் இரண்டையும் போட்டு ஒப்பிட்டால் ஏதாவது ஒன்றுக்கு அநியாயம் நடக்கும்.

தோல் விஷயத்திலும் இதே கதை. முயலின் தோலில் 4 மணி நேரம் பொருளை ஒட்டி வைக்கும் சோதனை, இரசாயன எரிச்சலைப் பிடிக்கும். ராக்வூல் அரிப்போ தடித்த இழைகள் தோலில் குத்துவதால் வருவது. தாளில் "எரிச்சலூட்டும் பொருளாக வகைப்படுத்தப்படவில்லை" என்று இருந்தாலும் கை அரிக்கத்தான் செய்யும்; அரிக்கிறது என்பவர் பொய் சொல்லவில்லை. துண்டால் தேய்த்தால் இழை இன்னும் ஏறும். முதலில் குளிர்ந்த நீரை ஊற்றிக் கழுவ வேண்டும், பிறகு சோப்பு.

எல்லா இழையையும் ஒரே கூடையில் போடுவது இன்னொரு வழக்கம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இல் கண்ணாடிப் பஞ்சு, ராக்வூல், உலைக் கசடை உருக்கிய கசடுப் பஞ்சு, செராமிக் இழை ஆகிய நான்கையும் 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற பிரிவில் வைத்தது. 2001இல் மறுபடி ஆராய்ந்தபோது காப்புக்குப் பயன்படும் முதல் மூன்றையும் 3ஆம் பிரிவுக்கு, அதாவது புற்றுநோய் தருமா என்று வகைப்படுத்த முடியாதவை என்ற பிரிவுக்கு மாற்றியது; உயர்வெப்பச் செராமிக் இழை 2பி பிரிவிலேயே நின்றது. அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் மாநாடு என்ற அமைப்பு வேலையிடக் காற்றுக்கு வைத்த வரம்பிலும் இந்த வேறுபாடு தெரியும்: ராக்வூலுக்கு ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 1 இழை, செராமிக்குக்கு 0.2. இவை இழைகளின் எண்ணிக்கை என்பதையும் கவனியுங்கள். மில்லிகிராமில் எடை பார்த்துத் திருப்தி அடைபவர் மெல்லிய இழைகளைத் தவறவிடுவார். அவற்றுக்கு எடையே இல்லை என்று சொல்லலாம்.

ஆலைகளில் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு வேறு. தாள் புதுப் போர்வைக்கு எழுதப்பட்டது. பிய்ப்பதோ பல ஆண்டு வெந்த போர்வை. சுமார் 1000 பாகை செல்சியஸுக்கு மேல் நீண்ட காலம் இருந்த செராமிக் இழையில் கிறிஸ்டோபலைட் உருவாகலாம். அது படிகச் சிலிக்கா. சுவாசித்தால் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதி செய்யப்பட்ட 1ஆம் பிரிவு. சூட்டுக் குழாய் ராக்வூலிலும் இழைகளை ஒட்டி வைத்த பிசின் எரிந்துபோனபின் தொட்டாலே தூள் பறக்கும். அந்தப் பிசின் முதன்முறை சூடாகும்போது வரும் புகைதான், இந்த மொத்த விவகாரத்தில் உண்மையாகவே உடனடியாகக் கண்ணையும் தொண்டையையும் தாக்குவது. புதுக் காப்பு போட்டு நீராவி விடும் நாளில் பக்கத்தில் நிற்காதீர்கள்.

பழைய ஆலை என்றால், குழாயைச் சுற்றியிருப்பது கல்நாராகவும் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. காற்றில் இழை எண்ணும் சாதாரண நுண்ணோக்கி முறையும் கல்நாரையும் ராக்வூலையும் பிரித்துச் சொல்லாது. பிய்ப்பதற்கு முன்பே துண்டு மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

மலேசியாவின் 2000ஆம் ஆண்டு இரசாயனப் பயன்பாட்டு விதிமுறைகளின்படி, தொழிற்பாதுகாப்புத் துறையில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஆலைக்கு வருவார். அவர் 11ஆம் பகுதியைப் படித்துக்காட்டி முடித்துக்கொள்ளப் பார்த்தால் நான்கு கேள்வி கேளுங்கள்: இழையின் நீளமும் தடிமனும் என்ன, எத்தனை நாளில் கரைகிறது, காற்றில் எத்தனை இழை, பரிசோதித்தது புதியதையா நாங்கள் பிய்க்கப் போகும் பழையதையா?