லினக்ஸ்ல போட்டோ எடிட்டிங்: எந்த வேலைக்கு எந்த சாஃப்ட்வேர்

லினக்ஸுக்கு மாறுன உடனே எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "அண்ணா இதுல போட்டோஷாப் ஓடுமா?" லினக்ஸுக்குன்னு போட்டோஷாப் கிடையாதுங்க. ஒயின்னு விண்டோஸ் சாஃப்ட்வேர லினக்ஸ்ல ஓட வைக்கிற ஒன்னு இருக்கு, அத போட்டு ஓட்டலாம்னு சொல்வாங்க, பழைய வெர்ஷன் நொண்டிக்கிட்டு ஓடும், புதுசு இன்ஸ்டால் ஆகுறதுக்குள்ள நமக்கு நரை வந்துரும். நானே ரெண்டு ஞாயித்துக்கிழமைய இதுல தொலைச்சவன்தான். அதனால அத விட்டுட்டு, நீங்க தினமும் என்ன வேலை பாக்குறீங்கன்னு மட்டும் சொல்லுங்க, அதுக்கு என்ன எடுக்கணும்னு நான் சொல்றேன். ஜெராக்ஸ் கடையும் சின்ன போட்டோ வேலையும் சேத்து பாக்குற ஆளு நான், நாலு ஜிபி ராம் இருக்குற பழைய லேப்டாப், அதுல லினக்ஸ்லயே ஒரு வகையான லினக்ஸ் மின்ட். அதுலயே எல்லாம் நடக்குது.

பொதுவான வேலைக்கு கிம்ப். 1995ல பெர்க்லி யுனிவர்சிட்டில ரெண்டு ஸ்டூடன்ட்ஸ் ஆரம்பிச்சது, அதுக்காக அவங்க எழுதுன ஜிடிகே (பட்டன், மெனு எல்லாம் வரையுற டூல்கிட்) மேலதான் பின்னாடி லினக்ஸோட க்னோம் டெஸ்க்டாப்பே கட்டுனாங்க. 2025 மார்ச்ல 3.0 வந்துச்சு, அதுல பெரிய மாத்தம் என்னன்னா ஃபில்டர் போட்டா அது லேயரோட (படத்துல ஒன்னு மேல ஒன்னா அடுக்குற தாள் மாதிரி) தனியா ஒட்டிக்கிட்டு நிக்கும், லேயர் பக்கத்துல எஃப்எக்ஸ்னு ஒரு ஐகான் வரும், நாளைக்கு மனசு மாறுனா அத க்ளிக் பண்ணி ப்ளர் அளவ மாத்திக்கலாம். முன்னாடி எல்லாம் அன்டூ போட்டு போட்டு விரல் தேயும். ஆனா ஒன்னு, உபுண்டு 24.04, மின்ட் 22 மாதிரி இருக்குறதுல சாதாரணமா இன்ஸ்டால் பண்ணா பழைய 2.10தான் வரும். சாஃப்ட்வேர் மேனேஜர்ல கிம்ப்னு தேடி, ஃப்ளாட்பேக்னு (எந்த லினக்ஸ்லயும் ஓடுற மாதிரி கட்டுன பேக்கேஜ்) போட்டிருக்குறத எடுங்க. 2.10க்கு எழுதுன பழைய ப்ளகின் (கிம்ப்போட கூடுதலா சேத்துக்குற குட்டி சாஃப்ட்வேர்) 3.0ல அப்படியே ஓடாது, ஏதாவது ப்ளகின நம்பி இருக்கீங்கன்னா அதுக்கு புது வெர்ஷன் வந்துருச்சான்னு பாத்துட்டு மாறுங்க.

புதுசா வர்றவங்க திட்டுறது ஒரே விஷயத்துக்குத்தான். சேவ் குடுத்தா ஜேபெக் வராது, எக்ஸ்சிஎஃப்னு கிம்போட சொந்த ஃபைலாத்தான் சேவ் ஆகும். ஜேபெக் வேணும்னா எக்ஸ்போர்ட். 2012ல வந்த 2.8ல இருந்து இப்படித்தான், நானும் திட்டுனேன், இப்ப பழகிருச்சு. கன்ட்ரோல் ஷிஃப்ட் ஈ கைக்கு வந்துட்டா பாதி கோவம் போயிரும்.

சரி, எங்க கடைல அதிகமா வர்ற வேலை பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அதையே முழுசா சொல்லிடுறேன். படத்த கிம்ப்ல திறந்து ஷிஃப்ட் சி அழுத்துனா க்ராப் டூல். இடது பக்கம் டூல் ஆப்ஷன்ஸ்ல ஃபிக்ஸ்டுன்னு ஒரு டிக் இருக்கும், அத போட்டு ஆஸ்பெக்ட் ரேஷியோ எடுத்து 35:45னு அடிங்க. இப்ப எப்படி இழுத்தாலும் பெட்டி அந்த அளவுலயே வரும், தலைக்கு மேல கொஞ்சம் இடம் விட்டு வெட்டுங்க. அப்புறம் இமேஜ் மெனுல ஸ்கேல் இமேஜ், அதுல ரெசல்யூஷன் 300, அகலம் 413 பிக்சல், உயரம் 531. இந்த கணக்கு எங்கேர்ந்துன்னா 35 மில்லிமீட்டர இன்ச்சாக்கி 300ஆல பெருக்குனா வர்றதுதான்.

ஆன்லைன் அப்ளிகேஷனுக்குன்னா இன்னொரு தொல்லை, போட்டோ 20ல இருந்து 50 கேபிக்குள்ள இருக்கணும்னு கேப்பாங்க, அப்ளிகேஷன் போட வந்த பசங்க மூஞ்சிய தொங்கப்போட்டுட்டு நிக்கும். எக்ஸ்போர்ட்ல ஜேபெக் குடுத்ததும் வர்ற பெட்டில "ஷோ ப்ரிவ்யூ இன் இமேஜ் விண்டோ"ன்னு ஒரு டிக் இருக்கு பாருங்க, அத போட்டாத்தான் ஃபைல் சைஸ் எவ்ளோன்னு காட்டும், குவாலிட்டி ஸ்லைடர இழுக்க இழுக்க நம்பர் இறங்குறது கண்ணுக்கு முன்னாடியே தெரியும். மூஞ்சி கட்டம் கட்டமா ஆகுறதுக்கு முன்னாடி நிறுத்திக்கோங்க. அப்பவும் குறையலன்னா எக்சிஃப் (கேமரா எழுதி வைக்கிற தகவல்), தம்ப்நெயில் (குட்டி முன்படம்) ரெண்டு டிக்கையும் எடுத்துருங்க, அதுலயே கொஞ்சம் கேபி மிச்சமாகும்.

4க்கு 6 இன்ச் பேப்பர்ல எட்டு காப்பி வேணும்னா, முதல்ல இமேஜ் மெனுல கேன்வாஸ் சைஸ் எடுத்து 440க்கு 560 ஆக்கி, சென்டர் அழுத்தி, ஃப்ளாட்டன் இமேஜ் குடுங்க, சுத்தி வெள்ளை ஓரம் வந்துரும், கத்திரிக்க வசதி. அடுத்து ஃபில்டர்ஸ் மெனு, மேப், டைல். அகலம் 1760 உயரம் 1120 குடுத்தா மேல நாலு கீழ நாலுன்னு எட்டும் வந்து நிக்கும். மறுபடி கேன்வாஸ் சைஸ 1800க்கு 1200 ஆக்கி சென்டர் பண்ணி ஃப்ளாட்டன். ஃப்ளாட்டன் பண்றதுக்கு முன்னாடி பேக்ரவுண்ட் கலர் வெள்ளைதானான்னு ஒரு தடவ பாருங்க, நான் அவசரத்துல பாக்காம விட்டு ஒரு அம்மாவுக்கு எட்டு போட்டோவும் ரத்தச் செவப்பு பார்டரோட வந்துச்சு, "என்னப்பா கல்யாண பத்திரிகையா"ன்னு கேட்டுட்டு போனாங்க. பிரிண்ட் போடும்போது ஃபிட் டு பேஜ் மட்டும் வேண்டவே வேண்டாம், அளவு மாறிரும்.

அடுத்தது தமிழ் எழுத்து. இதுல லினக்ஸ்காரன் குடுத்து வச்சவன்தான். போட்டோஷாப்ல செட்டிங் சரியா இல்லன்னா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு எழுத்து பிரிஞ்சு நிக்கும், தெரியாதவங்க மண்டைய பிச்சுக்குவாங்க. கிம்ப்லயும் இங்க்ஸ்கேப்லயும் யூனிகோட் தமிழ் அப்படியே ஒழுங்கா வந்து உக்காரும். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், முக்த மலர், பலூ தம்பி இதெல்லாம் இலவச ஃபான்ட், எறக்கி போட்டுக்கலாம். நேரா படத்து மேல டைப் அடிக்கும்போது சில நேரம் கீபோர்ட் மக்கர் பண்ணும், டெக்ஸ்ட் எடிட்டர்ல அடிச்சு காப்பி பேஸ்ட் பண்ணிருங்க. மாட்டிக்கிறது எங்கன்னா, கஸ்டமர் பாமினில (யூனிகோட் இல்லாத பழைய தமிழ் ஃபான்ட்) அடிச்ச மேட்டர கொண்டு வந்து குடுக்கும்போது. பாமினி எழுத்தெல்லாம் இங்கிலீஷ் எழுத்தோட இடத்துல உக்காந்திருக்கும், அதனால யூனிகோட் ஃபான்ட்ல பாத்தா தமிழ்னு இருக்க வேண்டிய இடத்துல ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன்னு நிக்கும். ஃபைல் கெட்டுப்போச்சுன்னு பயப்பட வேண்டாம், பாமினி டு யூனிகோட் கன்வெர்ட்டர் நெட்ல நிறைய இருக்கு, மாத்திட்டு ஒரு தடவ படிச்சு பாத்துக்கோங்க.

பேனர், விசிட்டிங் கார்டு, லோகோன்னா கிம்ப்ல பண்ணாதீங்க, இங்க்ஸ்கேப்புக்கு போங்க. அது வெக்டர், அதாவது படத்த புள்ளியா இல்லாம கோடா வச்சுக்கும், பத்தடி பேனருக்கு பெருசாக்கினாலும் ஓரம் உடையாது. பிரஸ்ஸுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி எழுத்த எல்லாம் செலக்ட் பண்ணி பாத் மெனுல ஆப்ஜெக்ட் டு பாத் குடுத்துருங்க, அங்க அந்த ஃபான்ட் இல்லன்னாலும் எழுத்து மாறாது. குடுத்த பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது, அதனால திருத்துற காப்பி ஒன்ன தனியா வச்சுக்கோங்க.

கலர் விஷயத்துல நான் ஒரு தடவ நல்லா வாங்குனேன். ஸ்கிரீன்ல பளீர்னு மயில் நீலம், பிரஸ்ல இருந்து வந்தது அழுக்கு ஊதா. அவங்கள திட்டிட்டு வந்து உக்காந்து யோசிச்சா தப்பு என்னோடதுதான், ஸ்கிரீன் கலர் ஆர்ஜிபி, அச்சுல மை சிஎம்ஒய்கே, ஸ்கிரீன்ல வர்ற எல்லா நீலமும் மைல வராது. கிம்ப் 3ல படம் உள்ள ஆர்ஜிபியாத்தான் இருக்கும், ஆனா சாஃப்ட் ப்ரூஃப் போட்டு அச்சுல எப்படி வரும்னு பாக்கலாம், சிஎம்ஒய்கேயா எக்ஸ்போர்ட்டும் பண்ணலாம். முழுக்க சிஎம்ஒய்கேலயே வேலை பாக்கணும்னா க்ரிட்டா. க்ரிட்டா அடிப்படைல படம் வரையுறவங்களுக்கானது, பென் டேப்லெட் வச்சிருக்கீங்கன்னா கிம்ப் பக்கமே திரும்ப மாட்டீங்க, பிரஷ் அவ்ளோ சுகம்.

கேமரால ரா (ஜேபெக்கா சுருக்காம சென்சார் குடுத்தத அப்படியே எழுதுற ஃபைல்) எடுக்குறவங்களுக்கு டார்க்டேபிள். கேனானோட சிஆர்2, நிக்கானோட நெஃப், சோனியோட ஏஆர்டபிள்யூ எல்லாம் திறக்கும், ஒரிஜினல தொடவே தொடாது, நீங்க பண்ண மாத்தம் எல்லாம் பக்கத்துல எக்ஸ்எம்பின்னு ஒரு குட்டி ஃபைல்ல இருக்கும். அத ஜங்க்னு நெனச்சு அழிச்சிராதீங்க. முதல் நாள் அதுல இருக்குற மாட்யூல் (ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு டூல்) லிஸ்ட பாத்தா தல சுத்தும், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், சிக்மாய்டு இந்த மூணோட நிறுத்திக்கிட்டு ஒரு வாரம் ஓட்டுங்க. என் லேப்டாப்ல அது மூச்சு வாங்குது, அதனால நான் ராதெரபிதான் எடுப்பேன், அதுல இம்போர்ட் எதுவும் வேண்டாம், ஃபோல்டர நேரா திறந்து வேலைய பாக்கலாம்.

ஸ்கிரீன்ஷாட்ல ஒரு அம்புக்குறி போடணும், ஒரு மூலைய வெட்டணும், அவ்ளோதான் வேலைன்னா பின்டா போதும். யாராவது பிஎஸ்டி (போட்டோஷாப்போட சொந்த ஃபைல்) ஃபைல அனுப்பி "அண்ணா பேர மட்டும் மாத்திக்குடுங்க"ன்னா ப்ரௌசர்ல ஃபோட்டோபியா திறங்க, லேயரோட வரும், ஃபைல் உங்க மெஷின்லயேதான் இருக்கும், விளம்பரம் ஓரமா ஓடும், கண்டுக்காதீங்க. கிம்பும் பிஎஸ்டி திறக்கும், ஆனா எழுத்து லேயர் மாத்தணும்னா இதுதான் எனக்கு லேசா இருக்கு.

கடைசியா முன்னூறு நானூறு படத்த ஒரே அடியா சின்னதாக்கணும்னா இதுல எதையுமே திறக்காதீங்க. ஜிதம்ப்னு ஒரு படம் பாக்குற சாஃப்ட்வேர் இருக்கு, அதுல எல்லாத்தையும் செலக்ட் பண்ணி டூல்ஸ்ல ரீசைஸ் இமேஜஸ் குடுத்தா முடிஞ்சுது. டெர்மினல் பழக்கம் இருக்குறவங்களுக்கு இமேஜ்மேஜிக், 1990ல இருந்து இருக்குற சாமான், அசைக்க முடியாது. அதுல மோக்ரிஃபைன்னு ஒரு கமாண்ட், ஃபோல்டர் முழுக்க ஒரே வரில சின்னதாக்கிரும், ஆனா பாத்னு ஒரு ஆப்ஷன் குடுத்து வேற ஃபோல்டர காட்டலன்னா ஒரிஜினல் மேலயே எழுதிரும், ஒரு வார்த்தை கேக்காது. மச்சான் கல்யாண போட்டோ எல்லாம் வாட்ஸ்அப் சைஸ்ல ஆனது அப்படித்தான், நல்லவேளை மெமரி கார்ட அழிக்கல.