ஆளுக்கு 22 சென்ட்: குமரி மண் எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்கிடும் முறை

2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்ட மக்கள்தொகை 18,70,374. பரப்பு 1,684 சதுர கிலோமீட்டர், அதாவது 1,68,400 ஹெக்டேர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 22 சென்ட் வரும். இதில் ஏறத்தாழ 30 சதவீதம் காடு. அதைக் கழித்தால் மிஞ்சுவது பதினைந்தரை சென்ட். வயல், விளை (மேட்டு நிலத் தோப்பு), குளம், ரோடு, வீடு, ரப்பர் எல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும்.

கணக்கைத் தொடங்கும் எல்லாரும் முதலில் தடுக்கி விழுவது காட்டில்தான். காட்டைச் சும்மா கிடக்கும் நிலமாக எடுத்துக்கொண்டு, அதிலும் மரச்சீனி (மரவள்ளி) நட்டால் இவ்வளவு கிழங்கு என்று எழுதிவிடுகிறார்கள். 1906-இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணைக்கும், பின்னால் வந்த பெருஞ்சாணிக்கும் அந்தக் காடுதான் நீர்ப்பிடிப்பு. தோவாளை சானலும் அனந்தனார் சானலும் கொண்டுவரும் அந்த அணைத் தண்ணீர் வயலின் விளைச்சலில் ஏற்கெனவே அடங்கிவிடுகிறது. காட்டை இன்னொரு முறை விளைநிலமாகச் சேர்த்தால் ஒரே பொருளை இரண்டு தடவை எண்ணியதாகும். ஆகவே காட்டைக் கழித்துவிட்டே மேலே போங்கள்.

அடுத்தது ஒரு ஹெக்டேர் வயல் எத்தனை பேருக்குச் சோறு போடும் என்பது. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரண்டு நெல் போகங்களும் விளையும் நல்ல வயலை எடுத்துக்கொள்வோம். பூவுக்கு 4.5 டன் நெல் என்றால் ஆண்டுக்கு 9 டன். விதைக்கும் சேதாரத்துக்கும் 10 சதவீதம் கழிக்க 8.1 டன். நெல்லுக்கு 65 சதவீதம் அரிசி என்று வைத்தால் ஏறத்தாழ 5,265 கிலோ அரிசி.

இதை மூன்று விதமாக வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 120 கிலோ அரிசி என்றால் 44 பேர். ஆனால் அரிசி மட்டும் உணவாகாது. நாளுக்கு 2,200 கலோரி முழுவதும் இந்த வயலிலிருந்தே வர வேண்டுமென்றால் (அரிசி கிலோவுக்கு 3,450 கலோரி) 22 பேர். நாளுக்கு 55 கிராம் புரதமும் இதிலிருந்தே என்றால் (அரிசியில் 6.8 சதவீதம்) சுமார் 18 பேர். மூன்றில் எது சிறியதோ அதுதான் விடை. சராசரி எடுக்காதீர்கள். எது முதலில் தீர்கிறதோ அதுவே எல்லை; மற்றவை எவ்வளவு மிஞ்சினாலும் உதவாது.

மரச்சீனியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஹெக்டேருக்கு 25 டன் கிழங்கு, தோலும் அழுகலும் போக 20 டன். கலோரிப்படி 39 பேருக்குப் போதும், வயலைவிட எவ்வளவோ மேல். புரதமோ நூறு கிராமுக்கு 0.7 கிராம்தான், அந்தக் கணக்கில் 7 பேரைக்கூட முழுதாகத் தாங்காது. கிழங்குக்கு மீன்குழம்பு என்று நம் அடுக்களையில் வந்து சேர்ந்தது வெறும் ருசி இல்லை, பற்றாக்குறையை நிரப்பும் ஏற்பாடு.

18 பேருக்கு ஒரு ஹெக்டேர் என்றால் ஆளுக்குப் பதிமூன்றே முக்கால் சென்ட் வயல். இனி தென்னையைச் சேருங்கள். ஆளுக்கு ஆண்டுக்குப் பத்து கிலோ எண்ணெய். மரத்துக்கு 80 தேங்காய், ஏழு தேங்காய்க்கு ஒரு கிலோ கொப்பரை, அதில் அறுபது சதவீதத்துக்குச் சற்று மேல் எண்ணெய் என்று போனால் ஒரு மரம் 7 கிலோ தரும். எண்ணெய்க்கு ஒன்றரை மரம்; நாலு பேர் வீட்டில் நாளுக்கு ஒரு தேங்காய் அரைத்தால் ஆளுக்கு இன்னொரு மரம். ஏக்கருக்கு 70 மரம் என்ற இடைவெளியில் இந்த இரண்டரை மரத்துக்கு மூன்றரை சென்ட். மொத்தம் பதினேழே கால். கையில் இருப்பதோ பதினைந்தரை. வீடு கட்ட இன்னும் ஒரு சென்ட்கூட ஒதுக்கவில்லை.

இங்கேதான் கடல் வருகிறது. நாளுக்கு 80 கிராம் மீன் சதை 15 கிராம் புரதம் தரும். அரிசியிலிருந்து 40 கிராம் வந்தால் போதும் என்றாகி, ஒரு ஹெக்டேர் 24 பேரைத் தாங்கும் (கலோரியில் வரும் குறையை எண்ணெயும் தேங்காயும் நிரப்பிவிடும்). ஆளுக்குப் பத்து சென்ட். ஒரு துண்டு மீன் மூன்றரை சென்ட் வயலை மிச்சப்படுத்துகிறது. ஆனால் மாவட்டம் முழுவதற்கும் அது ஆண்டுக்கு 54,000 டன்னுக்கு மேல் சதை. தலை, முள், குடல் போக எடுக்கும் எடை அது. இந்த அளவை நம் கரையோரக் கடல் ஆண்டுதோறும் தருமா என்று பாருங்கள். தூத்தூர்ப் பகுதிப் படகுகள் குஜராத் வரை போய்ப் பிடிப்பதை நம் கடலின் விளைச்சலாக எழுதக் கூடாது. குஞ்சு மீனை வாரி வந்த ஆண்டின் எடையையும் எழுதக் கூடாது. அது அசலைத் தின்பது, வட்டியை அல்ல.

தண்ணீருக்கு வருவோம். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு ஹெக்டேரில் விழுந்தால் 10 கன மீட்டர். நெல்லுக்குப் பூவுக்கு 1,200 மில்லிமீட்டர் வைத்தால் இரண்டு பூவுக்கு 24,000 கன மீட்டர். 18 பேருக்கு வகுத்தால் சோற்றுக்கு மட்டும் ஆளுக்கு 1,300 கன மீட்டருக்கு மேல். குடிக்க, குளிக்க, துவைக்க நாளுக்கு நூறு லிட்டர் என்றாலும் ஆண்டுக்கு 36.5 கன மீட்டர்தான். குடிநீரை மட்டும் எண்ணி இன்னும் பல லட்சம் பேர் வாழலாம் என்று சொல்லும் கணக்குகள் இதனாலேயே தவறு. சானலின் கடைசியில் இருக்கும் கடைவரம்பு வயல்களுக்குத் தண்ணீர் சேரவில்லையென்றால் அவற்றுக்கு ஒரு பூ மட்டும் எழுதுங்கள்.

ரப்பரைத் தனிப் பக்கத்தில் வையுங்கள். ரப்பரை விற்று அரிசி வாங்கலாம், உண்மைதான். ஆனால் அது வேறோர் ஊரின் வயலையும் தண்ணீரையும் கடன் கேட்பது. எனவே சொந்த மண்ணில் எத்தனை பேர், வியாபாரத்தோடு எத்தனை பேர் என்று இரண்டு விடைகள் எழுத வேண்டும். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் ரப்பர் மரங்கள் சாய்ந்த தோட்டங்களில் மறுநடவுக்குப் பின் பால் வெட்ட ஏறத்தாழ ஏழு ஆண்டு பிடிக்கும். இரண்டாவது விடையை அந்த ஏழு ஆண்டுக்கும் சோதித்துப் பாருங்கள்.

மக்கள் நுகர்வதற்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று அளக்க ரீஸ், வாக்கர்நாகல் என்ற ஆய்வாளர்கள் 1990-களில் வகுத்த சூழல் அடிச்சுவடு முறை வேறு நாடுகளோடு ஒப்பிட உதவும். அதன் உலக ஹெக்டேர் உலகச் சராசரி விளைச்சலை வைத்து அளப்பது. நம் சென்ட்டோடு நேராகச் சேர்க்கக் கூடாது.

ஊராட்சி அளவில் செய்வதானால் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கல் என்னும் பயிர்ப் பதிவேட்டிலிருந்து பயிர்வாரிப் பரப்பை எடுங்கள். செம்மண் போட்டு நிரப்பிய வயல் பதிவேட்டில் இன்னும் நஞ்சையாகவே இருக்கலாம். நேரில் நடந்து பார்த்துக் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். விளைச்சலுக்குக் கடந்த பத்து ஆண்டுகளில் மிகக் குறைவாக விளைந்த மூன்று ஆண்டுகளின் சராசரியை வைத்து ஒரு விடை, வழக்கமான ஆண்டை வைத்து இன்னொன்று. யூரியா வெளியிலிருந்து வராவிட்டால் என்ற மூன்றாவது கணக்குக்கு, சாணமும் தழையுரமும் மட்டும் இட்டுப் பயிரிடும் வயலின் அறுவடை எடையை நேரில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள்.